லயத்து வீட்டுச் சாவி

ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் டிக்கெட் போட்டுத் தருகிறவள் நான். கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. துபாய்க்குப் போகிறவன், பெங்களூரில் மகனைப் பார்க்கப் போகிற அம்மா, எல்லோரும் என் மேஜைக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். "பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. அப்படிப்பட்ட நான், என் அம்மாவுக்கு இலங்கைக்கு டிக்கெட் போட உட்கார்ந்த அன்று மவுஸைப் பிடித்த கை நடுங்கியது. பக்கத்து மேஜை மலையாளப் பெண், "என்ன சேச்சி, குளிருதா?" என்று கேட்டாள். "ஆமா, குளிருது, உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சிறுமியாக இருக்கும்போது, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அவளைத் தாய் தகப்பனோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே தேவாலா பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த எஸ்டேட்டிலேயே கொழுந்து எடுத்து, அங்கேயே கல்யாணம் கட்டி, என்னைப் பெற்று, என் அப்பாவை அங்கேயே அடக்கம் செய்து, ரிட்டயரும் ஆகிவிட்டாள். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீட்டை நாங்கள் லைன் வீடு என்போம். அவள் இன்னும் லயம் என்றுதான் சொல்வாள். நான் கல்யாணம் ஆகிக் கூடலூருக்கு வந்த பிறகு அந்த லயத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். கூப்பிட்டால் வரமாட்டாள்.

அவளுடைய அக்கா, என் பெரியம்மா, அப்போது வரவில்லை. பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷனுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்ததால் அவள் அந்தப் பக்கத்தோடு போய்விட்டாள். தகப்பனுக்கு இந்தியா என்று முடிவானதால் அம்மா இந்தப் பக்கம். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

வீடியோவில் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்வதும் பொய்தான். பெரியம்மாவுக்குச் சர்க்கரை முற்றிக் கண்ணைப் பிடித்துவிட்டது. போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசுவாள். எங்கள் பக்கத்துத் திரையில் ஒரே ஒரு கண் தெரியும். அதுவும் வெள்ளை படர்ந்த கண். அந்தக் கண் அசையும், ஈரமாகும், பேசும்.

"தங்கச்சி, இது முழுசா அணையறதுக்குள்ள ஒன் மொகத்த ஒருவாட்டி நேர்ல பாத்துக்கிறனே. இந்தப் போன்ல ஒரு மண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றாள் பெரியம்மா ஒரு நாள். டாக்டர் மிஞ்சிப்போனால் அடுத்த வருஷம் வரை என்று சொல்லியிருக்கிறாராம்.

"சரிக்கா. இங்கிட்டு மழ வருது, வச்சிர்றேன்" என்று அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டாள். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"போவோமாம்மா?" என்றேன்.

"விட மாட்டாங்க."

"யாரு விட மாட்டாங்க?"

"அவங்கதான்."

அவங்க என்றால் யார் என்று எனக்குத் தெரியும். காக்கிச் சட்டை, வெள்ளைச் சட்டை, முத்திரை குத்துகிற கை, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எவரும் அவங்கதான். அவர்களுக்கு நாடு கிடையாது. அந்தக் கரையிலும் இருந்தார்கள், இந்தக் கரையிலும் இருந்தார்கள்.

யானைக்குப் பயப்படாத பொம்பளை என் அம்மா. எங்கள் பக்கம் பொழுது விடிந்தால் யாராவது ஒருவர் வீட்டு வாழையைக் காணவில்லை என்பார். ஒரு தரம் கொம்பன் ஒன்று அடுப்படிக்குப் பின்னால் வந்து நின்றபோது நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். அவள் சாவகாசமாக ஜன்னலருகில் நின்று, "போ சாமி, இங்க ஒனக்கு ஒண்ணும் இல்ல, போ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதே அம்மா, அக்காவுக்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சம்மதித்த பிறகு, விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார் என்றவுடன் தேயிலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் தேடிப் போய்க் கூட்டி வந்தேன். காலில் அட்டை கடித்த ரத்தம் ஒழுக வந்து நின்று, அவர் எதையும் கேட்பதற்கு முன்பே, "நான் இங்கதாங்க ஐயா இருக்கேன். எங்கயும் போகலைங்க" என்றாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டவள் பேசுகிற பேச்சா இது! போலீஸ்காரர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அம்மாவை எப்படி ஒரு கவுண்டரில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன் என்றுதான் யோசித்தேன்.

அவளுடைய பயத்தைப் போக்கலாம் என்று, டூர் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய பயணத் திட்டத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கண்டியில் புத்தருடைய பல்லை வைத்திருக்கிற கோயில், தம்புள்ளையில் குகைக்குள் படுத்திருக்கிற புத்தர், அநுராதபுரத்துப் போதி மரம், அப்புறம் கடற்கரை. எல்லாம் சொர்க்கம் மாதிரி போட்டோ. அம்மா வெள்ளை உடுத்தி வரிசையில் பூவோடு நிற்கிறவர்களின் படத்தில் விரலை வைத்தாள்.

"புத்தரு பொறந்த வெசாக்குன்னா பஜார் முழுக்கக் காயிதக் கூடு கட்டி வெளக்கு வைப்பாங்க. போறவர்ற எல்லாத்துக்கும் ரோட்டுலயே சோறு போடுவாங்க. நாங்களும் தோட்டத்துலருந்து எறங்கிப் போயி வரிசையில நிப்போம். வெள்ளச் சீல கட்டின ஒரு அம்மா எனக்கு மட்டும் ரெண்டுவாட்டி போட்டாங்க."

"பாத்தியா? நல்ல சனங்கதானே. அப்புறம் என்ன பயம்?" என்றேன் பெரிய மேதாவி மாதிரி.

அம்மா விரலை எடுத்துக்கொண்டாள். "அதே பஜார்லருந்துதான் பின்ன ஒரு நாள் வந்தாங்க. கம்பும் மண்ணெண்ணயுமா. பொழுது சாயற நேரம். அக்காவும் நானும் தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தோம். எனக்கு இருமல் வந்திருச்சு. அக்கா என் வாயப் பொத்துனா பாரு, மூச்சே நின்னுபோச்சு. விட்டிருந்தா எல்லாரும் செத்திருப்போம்."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. இத்தனை வருஷமாக அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த ஊர்க் குளிரும் மரவள்ளிக் கிழங்கும்தான். நான் லேப்டாப்பை மூடினேன். வாய் பொத்தின அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் போகிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதுவரை பயம் அவளுடையதாக இருந்தது. நான் பக்கத்தில் நின்று கேலி செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் நுவரெலியா என்று இருக்கிறதே, அதைப் பார்த்து எவனாவது, "நீங்க இந்த ஊர் ஆளாச்சே, இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டால்? திரும்பி வரும்போது இந்தப் பக்கத்துக்காரன், "நீங்க அந்த ஊராச்சே" என்று சொல்லிவிட்டால்? இதெல்லாம் நடக்காது என்று எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்! ஆனால் தெரிவது மூளைக்கு. வயிறு அதைக் கேட்டால்தானே. வீட்டுக்காரர், "வேண்டாம்னா விட்டுரு" என்றார். "உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்குவீங்க" என்று அவர்மேல் பாய்ந்தேன். அந்த வெள்ளை படர்ந்த கண்ணை யார் பார்ப்பது?

போக டிக்கெட், வர டிக்கெட் இரண்டையும் ஒன்றாகப் போட்டேன். திருச்சியிலிருந்து கொழும்பு, ஒரு வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து திருச்சி. கோயில், கடற்கரை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நேராகப் பெரியம்மா வீடு, அங்கேயே தங்கல், நேராகத் திரும்பல். அம்மாவிடம் இரண்டு தாளையும் காட்டி விளக்கினேன். தலையை ஆட்டினாள். புரிந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்னால், அவளுடைய பையைக் கட்டிக் கொடுக்கலாம் என்று எஸ்டேட்டுக்குப் போனேன். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே என்னவோ சரியில்லை என்று பட்டது. வாசலில் கோழி இல்லை. சுவரோரம் அடுக்கியிருந்த விறகு இல்லை. கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. கட்டில் மட்டும் கிடந்தது. தரை சாணம் போட்டு மெழுகியது போலத் துடைத்துக் கிடந்தது. ஒரு வீட்டை அப்படிப் பார்த்தால் எழவு விழுந்த வீடு என்றுதான் தோன்றும். அட கடவுளே என்று கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். அம்மாவின் கோழிகள் அவள் கூடைக்குள் கிடந்தன. "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாத. அக்கா ஆபீஸுக்குப் போயிருக்கு. எனக்குக் கோழி குடுத்திருச்சு, கடேசி வீட்டுக்கு வெறகு. எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டு அழுதுட்டுப் போயிருச்சு" என்றாள். அவளும் அழுதிருந்தாள்.

"ஆபீஸுக்கு எதுக்கு?"

"சாவி குடுக்க."

ரிட்டயர் ஆனவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதுதான் எஸ்டேட் சட்டம். ஆனால் சாவி நம் கையில் இருக்கும்வரை யாரும் வாயைத் திறப்பதில்லை. இப்படிப் பலர் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாவி ஆபீஸுக்குப் போய்விட்டால் அவ்வளவுதான், அடுத்த குடும்பம் பெட்டியோடு காத்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு இந்தப் பூமியில் இருக்கிற ஒரே வீடு அது. குடையைக்கூட விரிக்காமல் ஓடினேன்.

ஆபீஸ் படியில் அம்மா நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கிளார்க், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பையன், என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். சாவி அவனுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கக்கா, அவுங்களேதானுங்க கொண்டாந்து குடுத்தாங்க. நாங்களா கேக்கலீங்க. இனி மேனேஜர் சொல்லாம நான் எடுத்துக் குடுக்க முடியாதுங்க."

வெளியே வந்து அம்மாவிடம் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஒரு வாரத்துல திரும்பி வரப் போறோம். அதுக்கு யாராவது வீட்டக் காலி பண்ணுவாங்களா? நாளைக்கு எங்க வந்து படுப்ப?"

"சத்தம் போடாத புள்ள. போறவங்க சாவியக் குடுத்துட்டுத்தான் போகணும். எங்கப்பா தொரைகிட்டச் சாவியக் குடுத்துட்டுத்தான் வந்தாரு. சட்டி பானையெல்லாம் லயத்துச் சனத்துக்குக் குடுத்துட்டு, வீட்டக் கூட்டி விட்டுட்டு, கோச்சி ஏறுனோம்." கோச்சி என்றால் ரயில்.

"அது வேற, இது வேற! அப்ப உங்களத் திருப்பி அனுப்புனாங்க. இப்ப நாம பாத்துட்டு வரப் போறோம். வர்றதுக்கும் டிக்கெட் இருக்குன்னு காட்டினேன்ல?"

"காட்டுன. ஆனா யாரு வந்தா? கோச்சி ஏறுன ஒருத்தராச்சும் திரும்பி வந்தாங்களா? நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அந்த லயத்தில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. அங்கே எல்லோரும் ஒரே ஒரு பயணம் போனவர்கள், அதுவும் ஒரு பக்கத்துக்கு. கோழியை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரிகூட, 'ஏன்க்கா, வந்துருவீங்கல்ல' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடல் தாண்டிப் போகிறாள் என்றால் போகிறாள், அவ்வளவுதான். எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கு எழவு கொண்டாடி முடித்துவிட்டார்கள்.

என்னை உலுக்கியது வேறொன்று. இவள் திரும்பி வரவே போவதில்லை என்று நினைத்துக்கொண்டேதான் புறப்பட்டிருக்கிறாள். என்னை விட்டுவிட்டு, வீட்டை விட்டுவிட்டு, அவர்கள் எங்கே வைத்துக்கொள்வார்களோ அங்கே கிடந்துகொள்ளலாம் என்று முடிவு கட்டி, அக்காவின் கண்ணுக்காகக் கிளம்பியிருக்கிறாள். இவ்வளவு பயத்தோடு ஒருத்தி கிளம்ப முடியுமா? அவள் காலைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. ஆனால் கோபமாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜீப் வந்தது. மேனேஜர் இறங்கினார். அம்மா சட்டென்று எழுந்து முக்காடு போட்டுக்கொண்டாள். கிளார்க் விஷயத்தைச் சொன்னான். நான் குறுக்கே பேசப் போனேன். மேனேஜர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"வீடு வேணுமா வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

அம்மா தரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அவள் சொல்லக்கூடியவள்தான். அவள் தகப்பன் செய்ததைத்தானே அவளும் செய்வாள்.

"சொல்லுங்கம்மா. திரும்பி வருவீங்களா?"

"விட்டா வந்துருவேன் தொர" என்றாள் அம்மா.

மேனேஜர் தானே உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து அம்மா கையில் வைத்தார். "இனிமே யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. நானே கேட்டாலும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரை அதுவரை நான் நல்லவர் என்று நினைத்ததில்லை.

அம்மா அந்தச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ரவிக்கைக்குள் கிடந்தது. ஊட்டி இறங்கி, கோயமுத்தூர் தாண்டி, திருச்சி வரைக்கும் பஸ்ஸில் ஒரு கை அதன்மேலேயே இருந்தது. இன்னொரு கை என் துப்பட்டாவைப் பிடித்திருந்தது. எனக்கும் அது வேண்டியிருந்தது, அதனால் விடு என்று சொல்லவில்லை.

ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும் என்றார்கள். அம்மா முதலில் போனாள். நான் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, நிமிர்ந்து என்னமோ கேட்டார். "திரும்பி வந்துருவேங்க ஐயா, வீடு இருக்குதுங்க" என்று அம்மா சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. பக்கத்து வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனை முறைத்தேன் பாருங்கள், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். முத்திரை விழுந்தது.

அடுத்தது சோதனை. இந்த முறை நான் முதலில் போனேன். எப்படி என்று அவள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. நான் அந்தப் பக்கம் போன பிறகு அவள் கதவு மாதிரி இருக்கிற அந்தச் சட்டத்துக்குள் வந்தாள், அது கீய் என்று கத்தியது. காக்கி உடுத்திய பெண் ஒருத்தி, "கழுத்துல என்ன? கழட்டி டிரேல போடுங்க" என்றாள்.

அம்மா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அசையவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. நான் திரும்பிப் போகப் பார்த்தேன். ஒரு காவலர் கையை நீட்டி மறித்துவிட்டார். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் காக்கிச் சட்டை. தனக்கு எது நடக்கும் என்று என் அம்மா காலமெல்லாம் பயந்தாளோ, அது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

"யாரு கேட்டாலும் குடுக்காதன்னு தொர சொல்லிருக்காரு" என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

"அம்மா! குடுத்துரு! இந்தப் பக்கம் வந்துரும், நான் இங்கதான் நிக்கறேன்!" என்று நான் கத்தினேன். ஏர்போர்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி, டிரேயில் வைத்தாள். டிரே நகர்ந்து அந்தக் கறுப்புத் திரைக்குள் போய் மறைந்தது. அவள் சட்டத்தைத் தாண்டி ஓடிவந்து என் பக்கத்தில் நிற்காமல், அந்த மிஷினின் வாய்க்கு நேராகக் குனிந்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. யாரோ ஒருவருடைய செருப்பு வந்தது. ஒரு லேப்டாப் வந்தது. எங்கள் சாவி வரவில்லை. பக்கத்தில் போய் நின்ற என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் சதையில் அழுந்தியது.

பிறகு வந்தது. அம்மா அதை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அதே சாவிதான். கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் போய் நாற்காலியில் உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றிருந்தது. அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"வர்றதுக்குப் போட்ட அந்தத் தாளு பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா."

"அதே மாதிரி அக்காவுக்கும் ஒண்ணு போட்டுக் குடு புள்ள" என்றாள். "வர்றதுக்கும் போறதுக்கும்."